இஞ்சி போட்ட டீ

பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் மூன்று தடவை கேட்டார். வேறு ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா என்று. மூன்று தடவையும் துரைக்கண்ணு இல்லை என்றான். பக்கத்தில் நின்ற நானும் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் எங்கள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். திருட்டு முழி முழித்திருந்தால் கண்டுபிடித்திருப்பார். நாங்கள் முழிக்கவில்லை. சத்தியமாக ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை.

என் பேர் கோதண்டபாணி. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மில்லுக்கு எதிரே எனக்கு ஒரு டீக்கடை. நான் சொல்வது எண்பத்தேழாம் வருஷத்துச் சங்கதி. துரைக்கண்ணு அந்த மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவன் பெண்சாதி சவுரியம்மாள் அதே மில்லில் பருப்புப் பொறுக்குகிறவள். என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. அவர்கள் வேதக்காரர்கள், நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவன். ஆனாலும் அவள் என்னை அண்ணன் என்பாள், அவன் மச்சான் என்பான். அதற்கு எந்தச் சாமியும் குறுக்கே வந்ததில்லை.

பருப்புப் பொறுக்குவதை லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து லாரி லாரியாக மல்லாட்டை வந்து இறங்கும். மிஷின் தோலை உடைத்துத் தள்ளும். முப்பது பெண்கள் சிமெண்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் புடைத்து, சூம்பல், சொத்தை, கல் என்று பிரித்துப் போட வேண்டும். காலை எட்டு மணிக்கு ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணி வரை அதே உட்கார்வுதான். மேலே தகரக் கூரை. பங்குனி மாசத்தில் அதன் கீழே தலை காட்ட முடியாது. தோல் தூசி மூக்கில் ஏறி எல்லோரும் இருமிக்கொண்டே இருப்பார்கள்.

சவுரியம்மாள் இந்த வேலைக்கு வந்ததே டாக்டர் சொல்லித்தான். சின்ன வயதில் காய்ச்சல் வந்து, மூட்டெல்லாம் வீங்கி, அதில் இருதயம் கெட்டுப் போயிருந்ததாம். அது நாற்பது வயதில்தான் தெரிந்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிளந்து இரும்பில் ஒரு வால்வு வைத்தார்கள். இனிமேல் நடவுக்குப் போகக் கூடாது, சுமை தூக்கக் கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். உட்கார்ந்தே அவள் முழங்கால் இரண்டும் போயின.

அந்த வால்வு டிக் டிக் என்று சத்தம் போடும். மிஷின் நிற்கிற சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெளிவாகக் கேட்கும். மில்லில் அவளுக்குக் 'கடியாரம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "எம்மா கடியாரம், மணி இன்னா ஆச்சி?" என்று கேட்டால், "ஒனக்கு ஒண்ணும் ஆவல, ஒழுங்கா புடை" என்று திருப்பி அடிப்பாள்.

மாத்திரை விஷயத்தில் துரைக்கண்ணுவைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. அதுவரை ஒரு பீடியைக்கூட முழுதாகக் குடித்து முடிக்கத் தெரியாதவன். பிஸ்கட் டப்பாவில் மூன்று மாத்திரையையும் தனித்தனியாகக் கட்டி வைத்திருப்பான். இருதய மாத்திரைக்குச் சனி ஞாயிறு லீவு. நீர் மாத்திரை காலையில். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை சாயங்காலம் ஆறு மணிக்கு. எழுதப் படிக்கத் தெரியாததால் மாதா படம் போட்ட காலண்டரில் வட்டம், கோடு, பெருக்கல் குறி என்று போட்டு வைப்பான். பட்டணத்து டாக்டர் சொன்ன ஒரு வாக்கியம் அவனுக்கு மனப்பாடம். "இத்தத் தவிர வேற எந்த மாத்திரையும் வாயில போடக் கூடாது." எங்கள் காலனியில் ஒருவர் விடாமல் அதைச் சொல்லி வைத்திருந்தான். ஒரு தடவை யாரோ தலைவலிக்கு மாத்திரை கொடுக்க, சவுரியம்மாள் அதைத் தரையில் வீசி எறிந்துவிட்டு அந்தப் பெண்ணோடு ஒரு மாசம் பேசவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தது. மாதா கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை நடக்கும். சுவரில் பதினான்கு படங்கள். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் முழங்கால் போட்டு, செபம் சொல்லி, எழுந்து அடுத்த படத்துக்குப் போக வேண்டும். ஆபரேஷனுக்குப் போகும்போது சவுரியம்மாள் ஒரு நேர்ச்சை செய்திருந்தாள். உயிரோடு திரும்பினால் தபசு முழுக்க ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து, எல்லா வெள்ளிக்கிழமையும் பதினான்கு இடத்திலும் முட்டி போடுகிறேன் என்று. முதல் வருஷம் உடம்பு தேறவில்லை. இரண்டாம் வருஷம் முட்டி விடவில்லை. இது மூன்றாம் வருஷம்.

முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், விடிகாலையில் துரைக்கண்ணு தூக்குப் பாத்திரத்தோடு கடைக்கு வந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி தொங்கிப் போயிருக்குது?" என்றேன்.

"சவுரிக்கு முடியல மச்சான். சுவத்தப் புடிச்சிக்கினுதான் எய்ந்து நிக்கிறா. முட்டி ரெண்டும் இம்மாம் பெருசு வீங்கிக்கினு இருக்குது. இந்த வருசமும் முட்டி போடலன்னா சாமி என்ன வுடாதுன்னு ஒரே அழுவ. கூட கூட நானும் அழுவறதா, வேலைக்குப் போறதா? பேஜாராப் போச்சி."

"மாசா மாசம் பட்டணம் போறியே. அந்த டாக்டரண்ட சொல்றதுக்கு இன்னா?"

"எப்பிடிச் சொல்றது? அம்மாம் பெரிய கியூ. நம்ம முறை வந்தா ரத்தம் எடுப்பாங்கோ, மார்ல கொழாய வெப்பாங்கோ, அடுத்த ஆளக் கூப்ட்ருவாங்கோ. இருதயம் பாக்குற எடத்துல போயி முட்டி வலிக்குதுன்னா சிரிக்க மாட்டாங்களா? போன வாட்டி நான் வாயத் தொறந்தேன். இவதான் கையப் புடிச்சி இழுத்துட்டா. உசுரக் குடுத்தவருகிட்ட போயி முட்டியப் பத்திக் கேக்க வெக்கமா இருக்குதுன்றா."

அப்போதுதான் சின்னபொண்ணு வந்தாள். அவளும் பருப்புப் பொறுக்குகிறவள்தான்.

"அண்ணே, ஒரு டீ. ஒரு பொட்டலம் கிழி."

என் கடையில் பீடிக்கட்டுக்குப் பக்கத்தில் ரோஸ் காகிதப் பொட்டலங்கள் சரமாகத் தொங்கும். தலைவலி, உடம்பு வலிக்கு. எங்கள் ரோட்டில் மூட்டை தூக்குகிறவன், வண்டி ஓட்டுகிறவன், மில் பெண்கள் யாரானாலும் காலையில் டீயில் ஒன்றைக் கொட்டிக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். சின்னபொண்ணு தூளை கிளாசில் கொட்டி, விரலாலேயே கலக்கி, ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து விறுவிறுவென்று மில்லுக்குள் போனாள். துரைக்கண்ணு அவள் நடந்து போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், அது மாத்திரையா?"

"மாத்திரை எங்கடா? பொட்டலம்டா அது" என்றேன் நான். "சீக்காளிக்கு டாக்டரு எழுதிக் குடுக்குறது மாத்திரை. இது டீயில போட்டுக் குடிக்கிறது. ஊரே குடிச்சிக்கினு இருக்குது. எவன் செத்தான்?"

இதைச் சொன்னது நான்தான். வேறு யார் மேலும் போடுவதற்கில்லை.

"அவ குடிக்க மாட்டா மச்சான். பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்குவா."

"அவகிட்ட எதுக்குச் சொல்ற? இஞ்சிய நல்லா நசுக்கி, வெல்லம் போட்டுத் தரேன். கசப்பு தெரியாது."

இதுவும் நான் சொன்னதுதான்.

பொட்டலத்தை அவனேதான் பிரித்தான். பாதித் தூள் பலகையில் சிந்தியது. அதையும் வழித்துத் தூக்கில் போட்டுக்கொண்டு போனான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் சவுரியம்மாளே வந்தாள். சுவரைப் பிடிக்காமல், ரோட்டைத் தாண்டி, தானாக நடந்து வந்தாள்.

"அண்ணே, ஒங்க இஞ்சி இன்னா இப்பிடிக் கசக்குது?"

"பழைய இஞ்சி தங்கச்சி. மாத்திடுறேன்."

"மாத்தாதீங்க. கசந்தாலும் அந்த டீ உள்ள போனாத்தான் எனக்கு ஒடம்பு ஓடுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முட்டி வலி போச்சிண்ணே. மாதா கண்ணத் தொறந்துட்டாங்க. ஒருசந்தி இருக்க ஆரமிச்ச மூணா நாளே தொறந்துட்டாங்க பாருங்க" என்றாள்.

கடையோரம் நின்ற துரைக்கண்ணு மூட்டைக்குத் தலையில் கட்டுகிற துணியை உதறி உதறிக் கட்டினான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாதாவுக்குப் போக வேண்டிய நல்ல பேர் மாதாவுக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கடையைச் சாத்திவிட்டுக் கோயில் பக்கவாட்டு ஜன்னலில் போய் நின்றேன். சவுரியம்மாள் வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் முட்டி போட்டு எழுந்தாள். ஐந்தாவதில் கொஞ்சம் தடுமாறினாள். பத்தாவதில் பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளைப் பிடித்தாள். பதினான்காவதில் எதையும் பிடிக்காமல் எழுந்தாள். கோயில் பக்கமே ஒதுங்காத துரைக்கண்ணு, கடைசி வரிசையில் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரத்திலிருந்து சாயங்காலமும் ஒரு டீ கேட்டாள். அதிலும் ஒரு பொட்டலம் போட்டோம். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. பகல் முழுக்கச் சாப்பாடு இல்லை. பொழுது சாயும்போது கேப்பைக் களியோ கஞ்சியோ ஒரு வேளை. நடுவில் பட்டணம் போய் ரத்தம் காட்டிவிட்டு வந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களாம். துரைக்கண்ணு அதை என்னிடம் வந்து சொன்னபோது எனக்கும் தெம்பாகத்தான் இருந்தது.

நான்காம் வாரத்தில் அவளுக்கு வெளிக்குப் போவது தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. அதை அவள் சின்னபொண்ணுவிடம் மட்டும் சொன்னாள். "ஒருசந்தி சூடு. எளநி வாங்கிக் குடி" என்று அவளும் சொல்லிவிட்டாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. தபசு இருக்கிற முகம் அப்படித்தான் இருக்கும் என்று காலனிப் பெண்கள் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள். ஐந்தாம் வெள்ளியும் முட்டி போட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மில்லில் மிஷினை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் ஆகாமல் மிஷின் நிற்காது. நான் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சவுரியம்மாள் முறத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். முதலில் காப்பித்தூளைக் கரைத்த மாதிரி வாந்தி எடுத்தாளாம். அப்புறம் வந்தது ரத்தம். பொறுக்கி வைத்த பருப்புக் குவியல் பாதிக்கு மேல் நனைந்திருந்தது. மயக்கத்திலும் அவள், "பருப்பு வீணாப் போச்சே, மேஸ்திரி திட்டுவாரு" என்று முனகிக்கொண்டிருந்தாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி, பாண்டிக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மில் வேனில் அவள் தலை துரைக்கண்ணு மடியில் இருந்தது. நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தத்தையும் மீறி அந்த டிக் டிக் கேட்டது. வழக்கத்தைவிட ரொம்ப வேகமாக இருந்தது. "ஜல்தி போ, ஜல்தி போ" என்று துரைக்கண்ணு டிரைவரைக் கெஞ்சிக்கொண்டே வந்தான்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பிஸ்கட் டப்பாவைத் திறந்து மாத்திரைகளைப் பார்த்தார். காலண்டர் தாளையும் துரைக்கண்ணு கிழித்துக்கொண்டு வந்திருந்தான். வட்டம், கோடு, பெருக்கலை எல்லாம் பார்த்துவிட்டு, "இவ்வளவு கரெக்டா யாரும் குடுக்க மாட்டாங்களே" என்றார். பிறகுதான் அந்த மூன்று தடவை கேட்டது.

"வலிக்கு மாத்திரை ஏதாவது?"

"இல்லீங்க சார்."

"நாட்டு மருந்து, சூரணம்?"

"ஒண்ணும் இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. எந்த மாத்திரையும் குடுக்கலையா?"

"கர்த்தர் மேல ஆணையா ஒரு மாத்திரை குடுக்கல சார். பட்டணத்து டாக்டரு சொன்னதுலேர்ந்து வேற மாத்திரைய வூட்டுக்குள்ளயே வுட்டதில்ல. இவரக் கேளுங்க."

"ஆமாங்க சார், நான் சாட்சி" என்றேன்.

வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்றார். அது நிற்க வேண்டுமானால் ரத்த மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் இரும்பு வால்வில் ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். எப்படிப் போனாலும் ஆபத்துதான், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். துரைக்கண்ணு ரத்தம் கொடுத்தான். நானும் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம். துரைக்கண்ணுவுக்குச் சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, தலை வெடிக்கிறது என்றான். நான் வெளியே போய் டீ வாங்கி வந்தேன். என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொட்டலம் கிடக்கும். வார்டு வாசலில் வைத்து ஒன்றைக் கிழித்து அவன் டீயில் கொட்டினேன். அந்தப் பக்கம் போன நர்சம்மா நின்றுவிட்டாள்.

"இன்னா அது?"

"தலைவலிப் பொட்டலம்மா."

காகிதத்தை வாங்கிப் பின்பக்கத்தில் இங்கிலீஷில் இருந்ததைப் படித்தாள். அவள் முகம் மாறிப் போயிற்று.

"இத்த அந்தம்மாவுக்கும் குடுத்தீங்களா?"

துரைக்கண்ணு கள்ளமில்லாமல் சொன்னான். "தெனம் டீயில போட்டுக் குடுத்தேம்மா. முட்டி வலிக்கு. மாத்திரை ஒண்ணும் குடுக்கல."

நர்சம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "யோவ், மாத்திரைய இடிச்சா பவுடரு. பவுடர அமுக்குனா மாத்திரை. ரெண்டும் ஒண்ணுய்யா! இது ஆஸ்பிரின். ரத்த மாத்திரையோட இது சேரவே கூடாது. வயித்தயே அறுத்துடும். எத்தினி நாளாக் குடுத்த? சாப்டதுக்கு அப்புறமா?"

"ஒருசந்திம்மா. வெறும் வயித்துலதான்."

அவள் சத்தம் இறங்கிவிட்டது. கண் கலங்கிவிட்டது. "முட்டி வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? கீழ ஒக்காராம ஒசரமா பலகை போட்டு ஒக்காரச் சொல்லியிருப்போம். வெந்நீர் ஒத்தடம் இருக்குது. இவங்களுக்கு ஒத்துக்கிற மாத்திரையே வேற இருக்குது, டாக்டரு அளவு பாத்துக் குடுத்து, அதுக்கும் ரத்தம் பாத்துக்கினே இருப்பாரு. சிரிக்கவா போறாங்க யாரும்?"

டாக்டர் வந்து கேட்டார். திட்டவில்லை. கேஸ் தாளில் எழுதிக்கொண்டே, "நேத்தே தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். திட்டியிருக்கலாம். துரைக்கண்ணு அந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். ஆறிப் போய் ஆடை கட்டியது. பிறகு என்னைப் பார்த்தான். நீதானே சொன்னாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

சவுரியம்மாள் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போய்விட்டாள். கசிவு நின்றிருந்தது, வால்வு அடைத்துக்கொண்டது. காணை கிராமத்தில் கட்டிக்கொடுத்த அவர்கள் மகள் விழுப்புரம் வந்து பஸ் மாறி முதல் நாள் ராத்திரியே வந்திருந்தாள். ஊரில் எல்லோரும், இருதயம் ஆபரேஷன் பண்ணவள் மூணு வருஷம் இருந்ததே பெரிசு என்றார்கள். முட்டியை மாதா தொட்டுச் சுகமாக்கி, நேர்ச்சையை வாங்கிக்கொண்டு அழைத்துக்கொண்டார் என்று கோயிலில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் மறுத்துப் பேசவில்லை. பொட்டலச் சரத்தை நான் அப்புறம் தொங்க விடவில்லை. சின்னபொண்ணு பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்கிறாள்.

புதன்கிழமைச் சாயங்காலத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

அன்றைக்கு அவளுக்கு நினைவு நன்றாக இருந்தது. வாய் வறண்டு உதடு வெடித்திருந்தது. "எதுவும் குடிக்கக் குடுக்காதீங்க, பஞ்சுல நனைச்சி ஒதட்ட மட்டும் தொடைங்க" என்று நர்சம்மா சொல்லியிருந்தாள்.

"மாமா, நேத்து அந்தம்மா ஏன் அப்பிடிக் கத்துனாங்க?" என்று கேட்டாள் சவுரியம்மாள்.

"வார்டாண்ட டீ குடிக்கக் கூடாதாம்" என்றான் துரைக்கண்ணு.

"நாளன்னிக்கி வெள்ளிக்கெழம. இட்டுக்கினு போயிடுவியா?"

"போயிடலாம்."

"முட்டி மறுபடியும் வலிக்க ஆரமிச்சிருச்சி மாமா. ரெண்டு நாளா அந்த டீ குடிக்கல பாரு. அத்தயே நனைச்சி வையேன், தண்ணி வேணாம்."

துரைக்கண்ணு எழுந்து போனான். ஆஸ்பத்திரி எதிரில் இருந்த கடையில் சொல்லி, இஞ்சி நசுக்கிப் போட்டு, வெல்லம் போட்டு வாங்கி வந்தான். ஆற வைத்து, பஞ்சில் நனைத்து, அவள் உதட்டில் வைத்தான். அவள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"கசப்பே இல்லியே மாமா. இன்னாத்தயோ போடாம வுட்டுட்ட."

பஞ்சு அவன் விரலிலேயே இருந்தது. அவள் கண்ணைத் திருப்பி, கட்டில் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"இவருக்குப் போடத் தெரியலண்ணே. நாளைக்கி நீங்களே போட்டுக் கொணாந்து குடுங்க. அந்தக் கசப்போட."

"சரி தங்கச்சி, கொண்டாறேன்" என்றேன்.